வெள்ளிக்கிழமைப் பன்னிரண்டு பவுண்டு

பாலின் போன் செய்தபோது நான் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிச் சமையலறையில் போனைக் கையில் எடுத்தாலே எங்கள் தலைமைச் சமையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருந்தாலும் அந்த வாரம் நான் கழிப்பறைக்குக்கூட போனோடுதான் போய்வந்தேன். பாலின் எங்கள் வீட்டுக்கடன் தரகர். நல்ல செய்தி என்றால் எடுத்த எடுப்பிலேயே கத்துவார். கெட்ட செய்தி என்றால் "கண்ணு" என்று ஆரம்பிப்பார்.

"கண்ணு, இப்பப் பேச முடியுமா?"

கரண்டியைப் போட்டுவிட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கடன் குடுக்கறவங்க ஒண்ணு கேக்கறாங்க. க்ளென்னோட பேங்க் ஸ்டேட்மென்ட்ல, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஷேன்னு ஒருத்தர் பன்னெண்டு பவுண்டு அனுப்பறார். எதுக்கு அது?"

"பெட்ரோலுக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே கிடங்குலதான் வேலை. எங்க கார்லதான் அவன் போய்ட்டு வர்றான்."

"சரிம்மா. ஆனா எதுக்குன்னு எழுதற இடத்துல அந்தப் புண்ணியவான் பெட்ரோல்னு எழுதலியே."

வாசிக்கச் சொன்னேன். பாலின் செருமிக்கொண்டு, வானிலை அறிக்கை வாசிக்கும் குரலில் வாசித்தார். "ஏப்ரல் நாலு, இடது கிட்னியின் விலை. பதினொண்ணு, டான்காஸ்டர் ரேஸ், மூணு மணிக் குதிரை. பதினெட்டு, பிணத்தைப் புதைத்த கூலி. இருபத்தஞ்சு, நேற்றைய முத்தத்துக்கு. மே ரெண்டு, மறுபடியும் குதிரை..."

எங்கள் ஊரில் ஆண்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினால் இப்படித்தான் எதையாவது கிறுக்குவார்கள். ஒழுங்காக எழுதுகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் சொந்த அண்ணன் என் பிறந்தநாளுக்கு இருபது பவுண்டு அனுப்பி, அதில் 'ஜாமீன் தொகை' என்று போட்டிருந்தான். யார் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

"ஆளைக் கொன்னு புதைச்சதைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை கேக்கல," என்றார் பாலின். "குதிரையைப் பத்தித்தான் கேக்கறாங்க. அதோட, மே கடைசியிலேருந்து நாலு வாரம் பணமே வரல. அஞ்சாவது வாரம் மொத்தமா அறுபது பவுண்டு. 'குதிரை ஜெயிச்சிருச்சு, இந்தா உன் பங்கு'ன்னு எழுதியிருக்கு. கெர்ரி, கேக்கறேன்னு தப்பா நினைக்காத. க்ளென் மறுபடியும் ஆடறானா?"

இல்லை என்று உடனே சொன்னேன். சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

க்ளென் என் கணவன். ஒரு காலத்தில் கையில் போன் இருந்தால் போதும், குதிரை, கால்பந்து, நாய் ஓட்டம் என்று எதிலாவது பணம் கட்டிக்கொண்டிருப்பான். மூன்று இடத்தில் ஒன்பதாயிரம் பவுண்டு கடன் வாங்கி, மூன்றையும் கட்டாமல் விட்டான். அந்தக் கறை அவனுடைய கடன் வரலாற்றில் ஆறு வருஷம் நிற்கும். அப்புறம் தானாக அழிந்துவிடும். வரும் அக்டோபரில் ஆறு வருஷம் முடிகிறது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குத்தான் அதுவரை பொறுமை இல்லை. ஜூலையிலேயே வீட்டை விற்கிறார். ஒன்பது வருஷமாக வாடகை தவறாமல் கொடுத்தோம் என்பதற்காக, வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் எங்களைக் கேட்டார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கடன் உறுதியாக வேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமை வேறு ஆட்கள் பார்க்க வருவார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

பெரிய வங்கிகள் எங்களை வாசலோடு அனுப்பிவிட்டன. கறை உள்ளவர்களுக்கும் கொடுக்கிற ஓர் இடத்தைப் பாலின்தான் தேடிப் பிடித்தார். வட்டி கழுத்தை நெரிக்கும். ஆனால் அங்கே கணினி அல்ல, ஒரு மனுஷி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். சூதாட்டத்தின் வாடை அடித்தால் அத்தோடு சரி.

க்ளென் ஆட்டத்தை விட்ட புதிதில், ஞாயிறுதோறும் சாயங்காலம் போனை என் கையில் கொடுத்துவிடுவான். நான் அவன் கணக்கை வரி வரியாகப் பார்ப்பேன். இரண்டு வருஷம் அப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைத் திருப்பிக் கொடுத்து, இனிமேல் பார்க்க மாட்டேன் என்றேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவன் அழுதான். நான் அவனுக்குக் கொடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அன்றிலிருந்து பார்த்ததில்லை.

பார்த்திருக்க வேண்டுமோ? சாமான் அறையில் நின்றபோது அதுதான் மண்டையைக் குடைந்தது. அறுபது பவுண்டு. குதிரை. உன் பங்கு.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. காலை ஷிப்ட் முடிந்து வந்து க்ளென் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கேட்டிருக்கலாம். நான் அவன் கோட்டுப் பைகளில் கையை விட்டேன். பிறகு காரைத் திறந்து, முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைக் குடைந்தேன். இருக்கைக்கு அடியிலும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நிம்மதி வந்ததா என்றால் இல்லை. அவன் ஆடிக்கொண்டிருந்த நாளிலும் தேடி எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை.

"என்ன தேடற?"

காலில் செருப்புகூட இல்லாமல் வாசலில் நின்றான்.

"சாவி."

"சாவி உன் கைலதான இருக்கு."

பாலின் சொன்னதைச் சொன்னேன். கிட்னி என்றதும் சிரித்தான். பிணம் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குதிரை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த மடையனை..." என்றான்.

"அறுபது பவுண்டு என்ன கணக்கு?"

"அவன் வாஷிங் மெஷின் செத்துப்போச்சு. கைல காசில்லன்னான், இருக்கும்போது குடுடான்னேன். அப்பறம் சேத்து அனுப்பினான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"அவன் வீட்டு வாஷிங் மெஷின் கதையெல்லாம் உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"க்ளென், ஆடினியா?"

"இல்ல."

"ஐவி மேல சத்தியம் பண்ணு."

"புள்ளைய இதுல இழுக்காத, கெர்ரி."

ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்கக் கேட்க மகள் மேல் சத்தியம் செய்தான். ஐந்து தடவை. ஐந்தும் பச்சைப் பொய். இப்போது செய்ய மாட்டேன் என்கிறான். திருந்தியவன் பேச்சா, மாட்டிக்கொண்டவன் பேச்சா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிட, இப்படிக் கண்டுபிடிக்கத் தெரியாமல் நிற்கிறேனே என்று என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

கடன் கொடுப்பவர்களுக்கு ஷேன் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். ஏழு மணிக்கு அவன் வந்தான். கதவளவு ஆள்.

"யாரு செத்தா? ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படி இருக்கு?"

தேநீர் கொடுத்தேன். பிஸ்கட் டப்பாவை அவனே இழுத்துக்கொண்டான். க்ளென் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ஏப்ரல்ல பெரிய ரேஸ் அன்னிக்கு கிடங்குல எல்லாரும் ரெண்டு ரெண்டு பவுண்டு போட்டுக் குதிரைக்குச் சீட்டு எடுத்தீங்களே. நான் மட்டும் ஏன் சேரலன்னு கேட்டியே."

"ஆமா. மகா கஞ்சன்டா நீ. அதுக்குத்தான அப்பப்பக் குதிரை போட்டு அனுப்பறேன்."

"கஞ்சத்தனம் இல்ல. ரெண்டு பவுண்டு போட்டா நான் நிறுத்த மாட்டேன். ஒம்பதாயிரம் பவுண்டு தொலைச்சவன் நான். இவளும் புள்ளையும் சாப்பிட வச்சிருந்த காசையும் தொலைச்சேன்."

ஷேன் பாதி கடித்த பிஸ்கட்டை மேசையில் வைத்தான். அவன் சாப்பாட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

"நாலு வருஷமா உன் பக்கத்துல உக்காந்து வர்றேன். சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லிக்கற விஷயமாடா அது?"

கடிதம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. பெட்ரோல் பணம்தான், குதிரை என்று எழுதியது கேலிக்கு, அறுபது பவுண்டு ஐந்து வாரப் பாக்கி என்று எழுதினான். கடைசியில் 'பிணம் எதுவும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்' என்று சேர்த்திருந்தான். அதை அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். முணுமுணுக்காமல் எழுதினான்.

அவன் கிளம்பும்போது நானும் கேட் வரை போனேன். போயிருக்கக் கூடாது.

"ஷேன், உள்ள பேசினது வேற. இப்ப உண்மையச் சொல்லு. ரெண்டு பேரும் சேந்து பணம் கட்டறீங்களா?"

"அவன் மானத்தையே எடுத்து மேசை மேல வச்சுட்டான், கெர்ரி. அதுக்கப்பறமுமா?"

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே க்ளென் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

புதன்கிழமை காலை கடிதம் போய்ச் சேர்ந்தது. அன்றும் வியாழனும் பதில் இல்லை. வீட்டில் நானும் க்ளென்னும் உப்பு எங்கே, துண்டு எங்கே என்ற அளவில் பேசிக்கொண்டோம். ஐவி மட்டும், வீடு நமதானால் தன் அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். வீடு கிடைக்காவிட்டால் அவள் பள்ளியும் மாறும். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்த அறுபது பவுண்டுதான் ஓடியது. ஷேனையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டேன். நண்பனுக்காக ஒரு கடிதம் எழுதுவது என்ன பெரிய விஷயம்?

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. நான் மீன் தட்டுகளை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"கெடைச்சிருச்சு!" என்று பாலின் கத்தினார். பக்கத்தில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கே கேட்டது. உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். தலைமைச் சமையல்காரி என் கையில் போனைப் பார்த்தும், மீதி மீன் தட்டுகளைத் தானே அடுப்பில் தள்ளினாள்.

"ஷேன் லெட்டர நம்பிட்டாங்களா?"

"லெட்டர் சும்மா கோப்புல வைக்கத்தான், கெர்ரி. புதன்கிழமை நான் அனுப்பும்போதே, அங்க உக்காந்து படிக்கற பொண்ணு கணக்குப் போட்டு வச்சிருந்தா. நாலு வாரம் வரல, அஞ்சாவது வாரம் வந்திருக்கு, அஞ்சு பன்னெண்டு அறுபது. பெட்ரோல் காசாத்தான் இருக்கணும்னு சொன்னா. இத்தனை நாள் ஆனது வீடு எவ்வளவு பெறும்னு மதிப்புப் போட்ட காகிதம் வரத்தான்."

ஐந்து பன்னிரண்டு அறுபது. தினம் இருநூற்று நாற்பது தட்டுக்குக் கணக்குப் பார்த்து அளந்து போடுகிறவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. க்ளென் வாயால் சொன்னான், ஷேன் கையால் எழுதினான், அப்போதும் கூட்டிப் பார்க்கவில்லை. க்ளென்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருத்தி கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் ஐவி மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். க்ளென் என்னைக் கட்டிக்கொண்டான். நல்ல இறுக்கமாகத்தான் கட்டிக்கொண்டான். விட்டபிறகு கேட்டான்.

"அவங்க எப்ப நம்பினாங்களாம்?"

"புதன்கிழமை."

"நீ?"

"நீ சொன்ன அன்னிக்கே நம்பிட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, மஞ்சளில் எந்த மஞ்சள் என்று மகளிடம் கேட்கப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷேன் பன்னிரண்டு பவுண்டு அனுப்பினான். எதுக்கு என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று எழுதியிருந்தான். க்ளென் குளிக்கப் போயிருந்தபோது அவன் போனை எடுத்துப் பார்த்தேன்.