வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கிற நெட்

மதியம் ஒன்று இருபதுக்கு நெட் நின்றது. அது நிற்பதற்காகவே செல்வதாஸ் காலை ஒன்பது மணியிலிருந்து மாடி அலுவலகத்தில் காத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் வட்டம் சுற்றத் தொடங்கியதும் அவருக்குக் கோபம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் அந்த நர்சிங் பள்ளியில் இது ஆறாவது வெள்ளிக்கிழமை. ஐந்து தடவையும் தகவல் வந்து, தோவாளையில் பஸ் ஏறி, வடசேரியில் இறங்கி மாறி, அவர் வந்து சேரும்போது எல்லாம் தானாகவே சரியாகியிருக்கும். கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி ஒன்றும் தெரியாத யோக்கியனைப் போல விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு பெட்டிகளை மாற்றியும் பார்த்தாயிற்று. கல்ஃபில் பன்னிரண்டு வருடம் இதே வேலை செய்த மனுஷன், ஐம்பத்து மூன்று வயதில், ஒரு சின்ன அலுவலகத்து நெட்டிடம் தோற்றுப்போய் இரவு பஸ்ஸில் திரும்புவது என்றால் உடம்பை விட மனசுதான் வலித்தது.

சென்ற வாரம் பதில் சொல்ல வழியில்லாமல், கூட்டுகிறவர்கள் வயரைத் தட்டிவிடுகிறார்களோ என்னவோ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். சூப்பிரண்டு ஜெபமணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கூட்டுவது டெல்சி ஒருத்திதான். அவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இன்று காலை செல்வதாஸ் வந்ததும் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “இன்னைக்கும் நின்னா ஒண்ணு ஒமக்க பெட்டி கேடு, இல்லாட்டா டெல்சி கூட்டுற வாரியல் கேடு. ரெண்டுல ஒரு ஆள நான் மாத்தியாகணும், பாத்துக்கிடும்.”

கொஞ்ச நேரத்தில் டெல்சி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. செல்வதாஸ் சாயாவைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

இப்போது பெட்டியின் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோல ஒரே வேகத்தில் துடித்தன. செல்வதாஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றை உருவிப் பத்து எண்ணுவார், திரும்பக் குத்துவார், அடுத்ததுக்குப் போவார். ஏழாவதை உருவியதும் துடிப்பு அடங்கியது. அதில் நான்கு வருடத்துக்கு முன் அவரே எழுதி ஒட்டிய சீட்டு: ஹால். உருவியதைத் திரும்பக் குத்திவிட்டு, துடிப்பு மறுபடி ஏறுவதையும் பார்த்துக்கொண்டு, கீழே இறங்கினார்.

ஹால் வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கும். அன்று உபவாச ஜெபம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக அதை லைவில் விடுவார்கள். ஒரு மணிக்கு ஜெபம் முடிந்து, கஞ்சி குடித்து, சபைப் போதகரான ஐயர் தன் லேப்டாப்போடு போய்விடுவார். டெல்சி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடை மேசையின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து புறப்பட்ட ஒரு கேபிள் மேசைக்காலை அழகாகச் சுற்றி, திரும்ப அதே சுவிட்சில் வந்து குத்தியிருந்தது. அனுப்பியதெல்லாம் தன்னிடமே திரும்பி வர, அதையே மறுபடி அனுப்பி, மாடி வரைக்கும் மூச்சுமுட்ட வைத்துக்கொண்டிருந்தது அந்தச் சின்னப் பெட்டி. சாயங்காலம் டெல்சி ஹாலின் மெயினை அணைத்துப் பூட்டுவாள். அதோடு எல்லாம் சரியாகிவிடும், அடுத்த வெள்ளி வரை.

“இந்த முனைய இதுல குத்தினது யாரு?”

“நான்தான் அண்ணே.” டெல்சி ஈரத்துணியைப் பிழிந்து வைத்துவிட்டு வந்தாள். “ஜெபமணி சாரு வயர தட்டினியான்னு கேட்டாரு. தட்டவே இல்லன்னு சத்தியமாட்டு சொன்னேன். நீங்க சொன்னதத்தானே நான் செய்துட்டு வாரேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“அன்னைக்கு போன்ல சொன்னீங்கல்லா. வயரு தொங்கிக் கிடந்தா நெட்டு வராது, சும்மா கிடக்க ஓட்டையில குத்தி வையின்னு. அதுக்கு பொறவு ஒரு வெள்ளிகூட நான் மறந்ததில்ல.”

ஞாபகம் வந்தது. ஆறு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளி, பாதி ஜெபத்தில் லைவ் நின்றுபோக, இவள்தான் போன் செய்தாள். முதுகுவலியில் கட்டிலில் கிடந்தவருக்கு இரண்டு பஸ் மாறி வர உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. சொன்னார், குத்தினாள், வந்துவிட்டது. இருந்த இடத்திலிருந்தே வேலையை முடித்தோம் என்று அன்று அவருக்குப் பெருமைகூட இருந்தது. அன்று தொங்கியது, லேப்டாப்புக்குப் போகும் அந்தக் கேபிளின் சுவிட்ச் பக்கத்து முனை. அதற்குப் பிறகு அவள் வாராவாரம் பொறுப்பாகக் குத்திவைத்தது, ஐயர் லேப்டாப்பிலிருந்து கழற்றிவிட்டுப் போன மறுமுனை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அத உருவிடும்மா,” என்றார்.

உருவினாள். மாடியில் யாரோ சிரித்தார்கள், பிரிண்டர் கரகரத்தது. “வந்துட்டு, வந்துட்டு,” என்று ஜெபமணியின் குரல் மாடிப்படியில் இறங்கி வந்தது. “என்னவாக்கும் கேடு, செல்வதாசு?”

வயர் தட்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பள்ளி வேலை அவர் கையை விட்டுப் போகாது. டெல்சிக்கு எதிர்த்துப் பேசவும் தெரியாது.

அவள் கேபிள் முனையைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தாள். தொங்கவிட அவளுக்கு மனசு வரவில்லை.

“அப்ப இத எங்க வைக்க அண்ணே?”

செல்வதாஸ் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, அவளை மறைத்தாற்போல வாசலைப் பார்த்து நின்றார். ஜெபமணியின் செருப்புச் சத்தம் கடைசிப் படியில் கேட்டபோது, முனை அவர் கையில் இருந்தது.