தோள் பிடிக்கிறவள்

சொர்ணம்மாளுக்குக் காது கேட்காது என்பது ரங்கூனில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே அவள் தெருவில்தான் நிற்க வேண்டும். மூன்று வருடமாக இந்த ஒன்றை மறைப்பதிலேயே அவளுடைய பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது.

அவள் பார்த்தது பாட்டு வேலை. பாடுகிற வேலை அல்ல, பாட வைக்கிற வேலை.

மொகல் தெருவில் இப்ராஹிம் மரைக்காயருக்கு ஒரு கிராமபோன் கடை இருந்தது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் மாசத்தில், கல்கத்தாக் கப்பலில் ஒரு துரை பெட்டிகளோடு வந்து இறங்குவார். கடை மாடியில் ஜன்னல்களை அடைத்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஒரு பெரிய தகரக் குழாயை நீட்டி வைப்பார். அதற்குள் பாட வேண்டும். மறுபக்கத்தில் மெழுகுத் தட்டு சுற்றும், ஊசி அதில் கோடு போடும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பாடுகிறவள் பின்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் ஊசி மெழுகைக் கிழித்துவிடும். குரல் இறங்கும்போது குழாய்க்குள் தலையை விடாத குறையாக முன்னால் போக வேண்டும். பாடுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கும்? பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுக்கவும் தள்ளவும் ஓர் ஆள் வேண்டும்.

1913இல் துரை தானே கையை வைத்தார். பாட வந்தவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். அப்போதுதான், நாடகக் கம்பெனி கலைந்து ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற பின்பாட்டுக்காரி சொர்ணம்மாளை மரைக்காயர் கூட்டி வந்தார். அன்று பிடித்த தோள்தான். பன்னிரண்டு வருடத்தில் அவள் பிடிக்காத பாட்டுக்காரி ரங்கூனில் இல்லை. துரை வராத மாசங்களில் கடையில் தட்டுகளைத் துடைத்து அடுக்குவாள். எந்தப் பெண்ணுக்குக் குரல் இருக்கிறது என்று சந்து சந்தாகத் தேடுவாள். அரைமணிப் பாட்டை மூன்று நிமிஷத்துக்கு வெட்டிக் கொடுப்பாள். பாட்டு முடிந்ததும் தோளில் இரண்டு தடவை அழுத்துவாள். அதுதான் பாடினவள் தன் பெயரைக் குழாய்க்குள் சொல்வதற்கு அடையாளம். பெயரைச் சொல்லாவிட்டால் கல்கத்தாவில் தட்டு அச்சடிக்கிறவனுக்கு யார் பாடியது என்று தெரியாது. ஆர்மோனியக்காரர் பெயர்கூடச் சில தட்டுகளில் அச்சாகியிருக்கிறது. தோள் பிடித்தவள் பெயரை அச்சடிக்க யாருக்கும் தோன்றியதில்லை. அவள் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. பதிந்த மெழுகைப் போட்டுக் கேட்க முடியாது. ஒரு தரம் கேட்டால் கோடு அழிந்துவிடும். அதனால் பாட்டு சரியா தப்பா என்று அங்கேயே ஒருவர் சொல்லியாக வேண்டும். துரைக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு அவர் சொர்ணம்மாளைத் திரும்பிப் பார்ப்பார். அவள் தலையாட்டினால் தட்டு கல்கத்தாவுக்குப் போகும். ஆட்டாவிட்டால் குப்பைக்கு.

1922இல் மலைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்தைக் குடம் குடமாகப் புகட்டினார்கள். காய்ச்சல் போயிற்று, காதையும் கூட்டிக்கொண்டு போயிற்று. வலது காது அடைத்தே விட்டது. இடது காதில் பகலிரவாக மழை பெய்கிற இரைச்சல். எழுந்து நடமாடிய நாளிலிருந்து அவள் மனிதர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். தமிழ் உதடு பிடிபட்டது. பர்மிய உதடு பிடிபடவே இல்லை. தெருவில் மொஹிங்கா என்கிற மீன்சாற்றுச் சேவை விற்கிறவளிடம் விரலைக் காட்டித்தான் வாங்கினாள்.

அந்த வருடக் கடைசியில் துரை வந்தபோது அவள் செத்துப் பிழைத்தாள். முதல் பாட்டிலேயே ஒன்று புரிந்தது. கேட்காவிட்டாலும் அவளுக்குக் கை இருந்தது. மூச்சு ஏறுவதும் இறங்குவதும், சங்கதி விழும்போது தோள்பட்டை அதிர்வதும் உள்ளங்கையில் தெரிந்தன. அந்த வருடம் பாடியவர்கள் எல்லாரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பயமில்லாமல் தலையாட்டினாள். தட்டுகள் நல்லபடியாக வந்து விற்றன.

இப்போது 1925, தை மாசம். மரைக்காயர் ஊருக்குப் போய் ஆறு மாதமாகிறது. கடையை அவருடைய தங்கை மகன் அப்துல் சமது பார்க்கிறான். இருபத்தேழு வயது, ஒட்ட வெட்டின மீசை, எதையும் சந்தேகத்தோடு பார்க்கிற கண். இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பாததைக் கவனித்து வைத்திருந்தான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு வைத்தவர்கள் அப்படித்தான். சொல்லாமல் சேர்த்து வைப்பார்கள்.

அன்றைக்குப் பாட வந்தவள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சிரியத்துக் கனகாம்பாள், இருபது வயது. அப்பன் எண்ணெய்க் கம்பெனியில் பீப்பாய் உருட்டுகிறவன். சம்பான் படகு ஏறி ஆற்றைக் கடந்து அவளைத் தேடிப் பிடித்தது சொர்ணம்மாள்தான். இந்தத் தட்டு வெளிவந்தால் நாடகக் கம்பெனியில் இடம் கிடைக்கும். வராவிட்டால் சித்திரைக்குள் ரெண்டாந்தாரமாக ஒருவனுக்குக் கட்டிக்கொடுப்பதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். வரும் வழியெல்லாம் அவள் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வாயைப் பார்த்தே வந்ததால் சொர்ணம்மாளுக்கு ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

துரைக்கு மறுநாள் கப்பல். வழியில் உடைந்தவை போக, நல்ல மெழுகு இரண்டே மிச்சம்.

துரை கானடாக்காரர். மான்ட்ரியல் என்கிற ஊரில் பதினாறு வயதில் மெழுகு இழைக்கப் போனவர், முப்பது வருடமாக ஊர் ஊராகப் பெட்டி சுமக்கிறார். அவர் பெயரும் எந்தத் தட்டிலும் கிடையாது. அவருக்கும் காது மந்தம். கையைக் காதோரம் குவித்துக்கொண்டு குனிவார், எதிரே நிற்பவர்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். துரைக்கு எத்தனை வருட அனுபவம் என்று வெளியே வந்து மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். அதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை.

முதல் மெழுகு சுற்றியது. ஆர்மோனியக்காரர் ரெங்கசாமி கட்டைகளை அழுத்தினார். சொர்ணம்மாள் தோளைப் பிடித்தாள். பல்லவி சுத்தம். அனுபல்லவியில் இழுத்தாள், விட்டாள், தள்ளினாள். சரணத்தின் மூன்றாவது அடியில் அந்தத் தோள் சட்டென்று பாதி மூச்சில் தொய்ந்தது. அடுத்த நொடி விறைத்துக்கொண்டு மேலே ஏறியது. வார்த்தை மறந்திருக்க வேண்டும். அல்லது எச்சில் விழுங்கினாளோ என்னவோ. முடிவில் இரண்டு தடவை அழுத்தினாள். பெண் பெயரைச் சொன்னாள். துரை திரும்பிப் பார்த்தார்.

கனகாம்பாளும் திரும்பினாள்.

“நல்லா வந்துச்சுக்கா. தலையாட்டுங்க.”

தலையாட்டலாம். தப்பாக இருந்தால் தட்டு வந்து சேர மாசக் கணக்காகும், அதுவரை சோறு உண்டு. ஆட்டாவிட்டால், ஒருவேளை பாட்டு சரியாகவே இருந்துவிட்டால், இந்த நிமிஷமே மாட்டிக்கொள்வாள். சமது கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரெங்கசாமி ஆர்மோனியக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வருடத்தில் கை பொய் சொன்னதில்லை. அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

சமது எங்கே தப்பு என்று கேட்டான். மூன்றாவது அடியில் மூச்சு அறுந்தது என்றாள். கனகாம்பாள் அப்படி ஒன்றும் இல்லை என்று சாதித்தாள். ரெங்கசாமியைக் கேட்டால் அவர், தான் வாசிப்பில் கவனமாக இருந்ததாகச் சொல்லி நழுவினார். இன்னும் இருபது வருடம் அந்தக் கடைக்கு வாசிக்க வேண்டிய மனுஷர், வேறென்ன சொல்வார்.

“வேணாம்னு தள்ளின மெழுகுதானே. போட்டுக் கேட்டுட்டாப் போச்சு” என்றான் சமது.

துரை ஊசியை மாற்றி மெழுகை ஓட விட்டார். அந்தக் குழாய் வழியாகவே பாட்டு வரும். எல்லாரும் தலையைச் சாய்த்து நின்றார்கள். சொர்ணம்மாளுக்கு மழை மட்டும் பெய்தது. எப்போது பல்லவி முடிந்தது, எப்போது சரணம் வந்தது? தாளத்தை மனதில் போட்டுப் பார்த்தாள், பயத்தில் எண்ணிக்கை குழம்பியது. அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்க் குழாயின் விளிம்பைத் தொட்டது.

தகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. கனகாம்பாளின் தோள் அப்படியே அதற்குள் இருந்தது. ஏறிற்று, இறங்கிற்று, ஏறிற்று. பிறகு ஒரு பொட்டு வெறுமை.

“இங்க” என்று மற்றக் கையைத் தூக்கினாள்.

ரெங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். கனகாம்பாள் தலை குனிந்தாள். சரியாகப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்து சொர்ணம்மாள் நிம்மதியாகக் குழாயிலிருந்து கையை எடுத்தாள். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான். கனகாம்பாளின் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. ரெங்கசாமியின் கண்ணும் போயிற்று. சொர்ணம்மாள் திரும்பினாள். சமது அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

“இந்தாம்மா, மூணு தரம் கூப்பிட்டேன்” என்றான். “கை வெச்சுத்தானே கண்டுபிடிச்சே. காது செத்துப்போச்சு. எத்தன நாளா எங்க மாமாவ ஏமாத்துறே?”

அவள் வாய் திறந்தாள். சத்தமாகப் பேசுகிறோமா, மெதுவாகப் பேசுகிறோமா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“தப்பைச் சொன்னது நான்தானே தம்பி. காது உள்ளவங்க யாராச்சும் சொன்னீங்களா?” துரையைக் கை காட்டினாள். “அவருக்குந்தான் கேக்காது. அவரை யாரு கேட்டீங்க?”

ஒருவரும் அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லவில்லை. துரை கையைக் காதோரம் குவித்துக்கொண்டு என்ன என்பதுபோல் பார்த்தார். சமது அவரிடம் வேறு எதையோ சொல்லிச் சிரித்தான். துரை சிரிக்கவில்லை. கடைசி மெழுகை எடுத்துப் பொருத்தினார். வா என்று சொர்ணம்மாளுக்குக் கை காட்டினார். இதை முடித்துவிட்டுக் கீழே வா, பேசிக்கொள்ளலாம் என்றான் சமது. அவனுக்கும் இந்த மெழுகு வேண்டும். தோள் பிடிக்க வேறு பெண் இல்லை.

தோளைப் பிடித்தபோது சொர்ணம்மாளுக்கு விரலெல்லாம் கொதித்தது. இந்தத் தோளைத் தேடித்தான் ஆறு தாண்டிப் போனாள். இந்தத் தோள்தான் நாலு பேர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தது. பாட்டு ஓடியது. இழுத்தாள், தள்ளினாள். மூன்றாவது அடி பிசகில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நல்ல பாட்டு. நல்ல பாட்டு என்பதே அவள் வயிற்றை எரித்தது.

கடைசி அடி முடிந்தது. இப்போது அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இவள் காத்துக்கொண்டே நிற்பாள், மெழுகு தீர்ந்துவிடும், தட்டில் பெயரே இருக்காது. யார் என்று தெரியாத ஒருத்தி பாடியதாகப் பர்மா முழுக்கச் சுற்றும். தெரியட்டும், பெயரில்லாமல் இருப்பது எப்படி என்று இவளுக்கும் தெரியட்டும். தோள் அடையாளத்துக்காகக் காத்திருந்தது. அது நடுங்குவது கையில் தெரிந்தது. பாட்டுக்கான நடுக்கம் அல்ல. சித்திரையில் வரப்போகிற ஒருவனை நினைத்து நடுங்குகிற நடுக்கம்.

சொர்ணம்மாள் இரண்டு தடவை அழுத்தினாள்.

தோள் உயர்ந்து, சிரியம் கனகாம்பாள் என்று குழாய்க்குள் சொல்லி, அடங்கியது.

பாட்டு சரியா என்று சமது ரெங்கசாமியைச் சொல்லச் சொன்னான். துரை ரெங்கசாமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கம்போல் சொர்ணம்மாளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் மெழுகைப் பஞ்சுக்குள் வைத்துப் பெட்டியை மூடினார்.

படியில் இறங்கும்போது கனகாம்பாள் பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்து ஏதோ சொன்னாள். சொர்ணம்மாள் அவள் வாயைப் பார்க்கவில்லை. மன்னிப்பாக இருக்கலாம். நன்றியாகவும் இருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கீழே கடையில் சமது கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தான். வெளியே டிராம் போனது அவள் பாதத்தில் அதிர்ந்தது. அவன் பேசத் தொடங்கினான். தலையைக் குனிந்துகொண்டு, மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவளுக்கு அவன் தொப்பியின் உச்சிதான் தெரிந்தது. தொப்பி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கேட்காதவளிடம் எப்படிப் பேசினால் என்ன என்று நினைத்தானோ, மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லையோ.

அவள் மேசைமேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“பன்னெண்டு வருசம் இந்தக் கடையில நின்னவ. என்னைப் போகச் சொல்றதா இருந்தா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க தம்பி.”

அவன் கண்ணைத் தாழ்த்தினான். அவள் நகரவில்லை. கடைசியில் அவன் முகத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. உதடுகள் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரிந்து மூடின.

“நாளையிலருந்து வர வேணாம்.”

“கேட்டுச்சு” என்றாள் சொர்ணம்மாள்.