விண்வெளிக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

வடிகட்டாத தண்ணீரை எங்கள் வீட்டில் குடிக்க மாட்டோம். நாங்கள் ஜைனர்கள். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவோம். துணியில் தங்கிய உயிர்களை அலசி, எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுவோம். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு இது தமாஷ். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அந்த உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ஒரு சொட்டு பார்மலினில் கதையை முடிப்பதுதான் என் பிழைப்பே.

எடையில்லாத இடத்தில் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது, அதில் நுண்ணுயிர்கள் எப்படித் தீனி பிடிக்கின்றன என்பது எங்கள் ஆய்வு. விண்வெளி நிலையத்தின் நுண்ணோக்கியில் பன்னிரண்டு நாள் இடம் கிடைத்தது. வீட்டில் நானும் அக்கா பிரபாவதியும்தான். அவள் துணி அலசிய தண்ணீரைக் கேட்டேன்.

"எடுத்துக்கினு போ. ஆனா திரும்பக் கொண்ணாந்து கெணத்துல வுடணும்."

"வுட்றேன்க்கா."

கடைசி நாளில் மருந்து செலுத்திக் கொன்று, அசையாமல் வைத்து எண்ண வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவளே நான். எழுதும்போது அது வெறும் ஒரு வரி. அவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்லூரிக் கணினியில் படம் வந்தது. எங்கள் கிணற்று ஜீவன்கள் வாயோர மயிர்களைச் சக்கரமாகச் சுழற்றிக்கொண்டு மிதந்தன. மதியம் தவறாமல் அக்கா போன் செய்வாள். "நல்லா கீதுங்களா? துன்னுதுங்களா?" ஹாஸ்டலில் சேர்த்த பிள்ளையைக்கூட இப்படி விசாரிக்க மாட்டார்கள். நாலாம் நாள் முட்டை தெரிந்தது. சொன்னேன். தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் நிலையத்துச் சோதனைகளைக் கவனிப்பவர்களிடமிருந்து மெயில் வந்தது: மருந்து செலுத்தலாமா, நான்கு மணிக்குள் பதில் வேண்டும். தண்ணீர் அடைத்து அனுப்பிய ஆறு சிற்றறைகளில் ஒன்றையாவது உயிரோடு விடுங்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் எண்ணாவிட்டால் முடிவு செல்லாது, அடுத்த குழுவின் திரவச் சோதனைக்கு நுண்ணோக்கி வேண்டும் என்று பதில் வந்தது. நியாயம்தான். என் மாணவர்களுக்கு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் நான்கு வருஷ உழைப்பும், என்னிடம் ஆய்வு செய்யும் காயத்ரியின் பட்டமும் அதில் இருந்தன.

மூன்று ஐம்பதுக்கு 'செலுத்தலாம்' என்று அனுப்பினேன். திரையில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் கொன்றிருப்பேன், அன்றைக்குத்தான் அழுதேன். காயத்ரி என்னைப் பார்க்காமல் திரையில் எண்ண ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் ஒரு பொய் தயார் செய்தேன். ஒரு பாட்டில் தண்ணீரைக் காட்டி, மேலேயிருந்து வந்தது என்றால் அக்கா நம்பிவிடுவாள். அவள் நம்புவாள் என்பதாலேயே அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அதுங்க வராது. மருந்து வுட்டுக் கொல்லச் சொன்னது நான்தான். மொதல்லயே எனக்குத் தெரியும்."

அவள் கை நின்றது. "நீ பாத்துக்கினு இருந்தியா?"

"பாத்தேன்."

"வலிச்சிருக்குமா அதுங்களுக்கு?"

"தெரியலக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கு எனக்கு ஒலை வெக்காத. உபவாசம் இருக்கப் போறேன்."

"தப்பு பண்ணவ நானு. நீ ஏன் பட்டினி கெடக்கற?"

"அலசிக் குடுத்த கை என்னுதுதானே," என்றாள். "நீ காலேஜுக்குப் போவணும். பொழுது போறதுக்குள்ள சாப்டு."

சோறு போட்டு வைத்தாள். இருட்டிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். தட்டின் முன்னால், சோற்றில் கை வைக்காமல், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.