கும்மிடிப்பூண்டி, கிளவுஸ் பிரிவு

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் நாளைக் காலை நான் ஏறும் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டாமல் நின்றுபோகட்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நடுவில் நின்று பார்த்தவன் நான்; யார் பக்கமும் சாய்ந்தவனில்லை.

2004-ஆம் ஆண்டில் கும்மிடிப்பூண்டி பஜாரில் சஹாபுதீன் பாய் ஒரு பிரௌசிங் சென்டர் நடத்திவந்தார். அதைவிட அவருக்குப் பெருமை தந்தது வேறொரு பதவி. உலகத்து வலைத்தளங்களை ஊர்வாரியாக, தொழில்வாரியாக அடுக்கிவைக்கும் டைரக்டரி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அடுக்குகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லாரும் தொண்டர்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பாய்தான் எடிட்டர். யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பது அவர் விரலில் இருந்தது.

ஆரம்பத்தில் பாயின் நேர்மையை ஊர் தாங்கவில்லை. சொந்த பிரௌசிங் சென்டரையே தகுதியில்லை என்று தள்ளுபடி செய்து, தனக்குத்தானே வருத்தம் தெரிவித்து மெயில் அனுப்பி, அதைப் படித்த கோபத்தில் சில நாள் கண்ணாடி பார்க்காமல் இருந்தார். பொதட்டூர்பேட்டை ஜவுளிக்காரர் ஒருவர் தன் கடையை 'நம்பர் ஒன்' என்று எழுதியிருந்தார். டைரக்டரியில் புகழ்ச்சி கூடாது என்று பாய் அடித்துவிட்டார். சண்டைக்கு வந்த ஜவுளிக்காரர், பாய் கொடுத்த விளக்கத்தில் மனம் மாறி, ஊருக்குப் போய்க் கடைப் பலகையிலும் டெம்போவிலும் இருந்த நம்பர் ஒன்னை அழித்தார். மகள் கல்யாணப் பத்திரிகையில் 'திருவளர்செல்வி' என்றிருந்ததையும் புகழ்ச்சி என்று அடித்தார். அடித்த பத்திரிகையை நானே பார்த்தேன்.

சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கிரேஸ் கிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். உருக்காலையில் கம்பி தூக்குகிறவர்கள் போடும் கனத்த துணிக் கிளவுஸ். கூட இரண்டு பெண்கள். வேலை குறைந்துகொண்டே வந்தது. புதிதாக வந்த ஆலையின் ஆர்டர் கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். அந்த ஆலையின் கொள்முதல் அதிகாரி வெளிநாட்டுக்காரர். கேட்டில் சாம்பிளோடு நிற்பவர்களைப் பார்க்க மாட்டார். டைரக்டரியில் இருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்.

கிரேஸுக்கு ஒரு வலைத்தளத்தைப் பாயே காசு வாங்காமல் செய்துகொடுத்தார். அதை டைரக்டரிக்கு அனுப்பியும் வைத்தார். பேர் வரவில்லை. கிரேஸ் கேட்கப் போனாள்.

"இன்னா பாய், நம்ம பேரு வரலியே?"

"வராது கிரேஸு. எழுத்து கோணலா இருக்குது. போட்டோ பாதிதான் தெரியுது. இத செஞ்சவனுக்குத் தொழிலே தெரியல."

"நீங்கதானே செஞ்சீங்க?"

"செஞ்சவன் கடைக்காரன். இப்ப பேசறது எடிட்டரு. ரெண்டையும் போட்டுக் கலக்காத."

கும்மிடிப்பூண்டி கிளவுஸ் பிரிவில் அப்போது ஒரே பெயர்தான் இருந்தது. ஷாகிர் அண்ட் கோ. ஷாகிர், பாயின் மனைவி ஹுமைராவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

"அது உங்க மச்சான் கம்பெனிதானே பாய்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பாய் முகம் மலர்ந்து மானிட்டரைத் திருப்பினார். வேண்டியவர்களின் கம்பெனி ஏதாவது இருந்தால் எடிட்டர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது டைரக்டரியின் சட்டம். 'ஷாகிர் என் மைத்துனர்' என்று பாய் சொல்லியிருந்தார்.

"மறைச்சனா? உலகமே பாக்கற மாதிரி போட்டுக்கினு இருக்கேன். இதுக்கு மேல நேர்மை எந்தக் கடையில விக்குது?"

சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. சொன்னவர் அப்புறம் என்ன செய்கிறார் என்று பார்க்க ஒரு சட்டமும் இல்லை.

சாம்பிள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். "ஏன் பாய், மச்சான் போட்டோவும்தான் பாதி தெரியுது" என்றேன்.

"நைனா, நீங்க இதுல பேசவே கூடாது."

நியாயம்தான்.

"அப்ப நான் அமெரிக்காவுக்கே எழுதிப் போடறேன்" என்றாள் கிரேஸ்.

பாய்க்கு மனம் நொந்துவிட்டது. "பேச்சு வந்துடுச்சு. இனிமே இந்தப் பிரிவுல நான் கையே வெக்க மாட்டேன். சம்பந்தமில்லாத ஆளு பாக்கட்டும்" என்று சொல்லி, மாடியிலிருந்த ஹுமைராவைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை அவரிடம் ஒப்படைத்தார். பாய்க்குத் தெரிந்த, தானல்லாத ஒரே ஆள் மனைவிதான்.

ஆனால் கிரேஸுக்கு அதிர்ஷ்டம். ஷாகிர் புது வீட்டு விருந்துக்கு ஊரையெல்லாம் நேரில் அழைத்துவிட்டுச் சொந்த அக்காவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தான். ஹுமைரா கொதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி கிரேஸு, எங்க உன் கிளவுஸு?"

கிளவுஸை வாங்கி மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய் அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியைத் தூக்கினார். சூடு தெரியவில்லை. சட்டியோடு பஜாரை ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடி அடுப்பில் வைத்தார். பிறகு உட்கார்ந்து கிரேஸின் பெயரைச் சேர்த்தார். "மெசேஜ் அனுப்பறவனுக்கு எதுக்கு டைரக்டரி?" என்று தம்பியின் பெயரை அழித்தார்.

அன்று பகல் முழுக்க அந்தப் பிரிவில் கிரேஸ் மட்டும்தான் இருந்தாள். அதே பகல் முழுக்க சிப்காட்டில் மின்வெட்டு. மின்வெட்டு எவ்வளவு கடுமை என்றால், ஆலைச் சங்கை ஆள் வைத்து வாயால் ஊதினார்கள். அதிகாரியின் கம்ப்யூட்டர் கருப்பாக உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் ஷாகிர் ஒரு தேக்சா நிறைய மட்டன் பிரியாணியோடு வந்து நின்றான். "லாத்தா, நீ வராத ஊட்டுல நான் காலு வெக்க மாட்டேன்" என்று அழுதான். ஹுமைராவும் அழுதார். தேக்சா கொதிக்கக் கொதிக்க இருந்ததால் கிரேஸின் கிளவுஸைப் போட்டுத்தான் இறக்கினார். அதைக் கழற்றாமலே மௌஸைப் பிடித்துத் தம்பியைச் சேர்த்தார், கிரேஸை எடுத்தார்.

"அக்கா, என் பேரு?" என்றாள் பார்த்துக்கொண்டிருந்த கிரேஸ்.

"ஒரே பிரிவுல ரெண்டு பேரு இருந்தா சண்டைதாண்டி. நமக்குள்ள இன்னாத்துக்கு பேஜாரு? உக்காரு, பிரியாணி சாப்பிடு."

கரண்ட் வந்தது. அதிகாரி பார்த்தார். ஷாகிரைக் கூப்பிட்டார்.

கிரேஸ் அமெரிக்காவுக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: தங்கள் புகார் சம்பந்தப்பட்ட பிரிவின் எடிட்டருக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஹுமைரா புகாரைப் படித்துவிட்டு, "எங்களப் பத்தி இப்படியா எழுதுவ?" என்று கண் கலங்கினார். கிரேஸ்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஷாகிர் அண்ட் கோ என்பது ஒரு போர்டும் ஒரு செல்போனும்தான். தையல் மிஷின் கிடையாது. அதனால் அவன் நேராகத் தகரக் கொட்டகைக்கு வந்தான். "உன்ன மாதிரி தைக்கறவங்க இந்த சுத்துவட்டாரத்துல யாரு இருக்காங்க கிரேஸு?" என்றான். கொட்டகை பூட்டப்படவில்லை. கிரேஸ் உருப்படிக் கூலிக்குத் தைத்தாள். அவன் சொன்னதுதான் கூலி. ஒவ்வொரு கிளவுஸின் மணிக்கட்டிலும் 'ஷாகிர் அண்ட் கோ' என்ற துணிச்சீட்டை அவளே வைத்துத் தைத்தாள், கோணாமல்.

பாயை இப்போதும் பஜாரில் பார்ப்பேன். "நான் முதல்லயே சொல்லிட்டேன் இல்ல நைனா, அவன் என் மச்சான்னு" என்பார்.

கிரேஸ் என் மகள்.