வேலம்மாவின் கம்மலும் துளசிங்கத்தின் காலும்

எழுபத்தெட்டாம் வருஷம், பொன்னேரி அடகுக்கடையிலிருந்து வேலம்மாவின் கம்மல் மீண்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நாளில் அவள் தலையை ஆட்டாமல் ஒரு வார்த்தை பேசியதாகக் குப்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். குழாயடியில் ஆட்டம், இறால் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கையில் ஆட்டம். பார்க்கிற நமக்குத்தான் கழுத்து வலித்தது.

அந்தக் கம்மலுக்கு வினையாக, புதன்கிழமை காலையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு கடிதம். எழுதச் சொன்னது துளசிங்கமாம், எழுதியது ஆஸ்பத்திரி நர்சம்மாவாம். துளசிங்கம் வேலம்மாவின் புருஷன் தசரதனின் உயிர்ச் சிநேகிதன், இந்தக் குப்பத்துக்காரன்தான். இப்போது பெண்டாட்டி ஊரான ஆரம்பாக்கத்தில் இருந்துகொண்டு, ஏரியில் வலை கட்ட நம் குப்பத்துக்கு முறை வரும் நாளில் மட்டும் வருவான்.

வேலம்மா, தசரதன் இருவருக்கும் எழுத்து தெரியாது. வந்தவனே படித்தான்:

"செவ்வாய்க்கிழமை ஏரியில் வலை கட்டி, மீனோடு எளாவூர் போகையில் லாரி இடித்துக் கால் முறிந்தது. இன்றைக்கே ஐந்நூறு கட்டாவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள். என் பெண்டாட்டிக்குச் சொல்லாதே, பிள்ளைத்தாச்சி. இந்த ஆளிடமே கொடுத்தனுப்பு."

கால் என்றதுமே தசரதன் அழ ஆரம்பித்துவிட்டான். அவன் ஆரம்பாக்கம் டீக்கடையில் உட்கார்ந்து சிநேகிதன் பெருமையை ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசுகிறவன். யார் யார் காதில் விழுந்ததோ!

"ஏமே, கம்மல கய்ட்டு!"

வேலம்மாவின் கை காதுக்குப் போனது. திருகாணியையும் தொட்டது. ஆனால் அவள் மனசு செவ்வாய்க்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் துறையில் வடக்குக் குப்பத்தாரிடம் இறால் விலைக்கு மல்லுக்கு நின்று வந்திருந்தாள்.

"ஏம்பா, செவ்வாக்கெழம துளசிங்கண்ணன் வல கட்னத நீ பாத்தியா?"

"கண்ணால பாத்தேன்மா. நாந்தான் கூட வந்தேன்."

"இன்னாபா சொல்ற? அந்தத் துறை மூணு குப்பத்துக்கும் பொது. ஒருநாள் எங்களுக்கு, மறுநாள் வடக்குக் குப்பம், அதுக்கு மறுநாள் தெற்குக் குப்பம். எங்க மொற திங்கக்கெழமயே முடிஞ்சிப்போச்சி. வடக்குக் குப்பத்து மொறயில எங்காளு எப்டி வலய எறக்குவாரு?"

சட்டைக்காரன் சிரித்தான். "மீன் நெறய வந்திச்சினு சும்மா ஒருநாள் போட்டுக்கினாரு. இதுல இன்னாமா இருக்குது?"

அங்கேதான் மாட்டினான். அழுதுகொண்டிருந்த தசரதனே தலையைத் தூக்கினான். பசிக்கு ஒருவன் பக்கத்து வீட்டு உலையில் கைவைத்தாலும் வைப்பான், அடுத்தவன் முறையில் வலை வைக்கிற ஆள் இந்த ஏரியில் இல்லை. வைத்தால் மூன்று குப்பமும் கூடி அபராதம் போட்டு, வலையையும் பிடுங்கிக்கொள்ளும்.

"சும்மா ஒருநாளா?" என்றான் தசரதன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"யோவ், இவன் துளசிங்கண்ணன பாத்ததேயில்ல! புடி அவன!"

வேலம்மாவின் குரல் எட்டாத வீடு குப்பத்தில் ஏது? சட்டைக்காரன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான். ஓடியவன் ரோட்டுப் பக்கம் ஓடியிருக்கலாம். ஏரிப் பக்கம் ஓடி, முழங்கால் சேற்றில் நட்ட கழியாக நின்றான். அங்கே கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பற்றினார்கள். இறாலே வழுக்கிப் போகாத கைகள்.

"இன்னா நைனா, எந்தக் கால் முறிஞ்சிது? இதுவா, அதுவா?" என்று அவர்களில் ராஜாத்தி விசாரித்ததைக் கேட்டுக் கரையே சிரித்தது. போலீஸ் வந்து கூட்டிப்போகும்வரை அவனுக்கு அதே விசாரணைதான்.

மறுநாள் வியாழன், நம் குப்பத்து முறை. துளசிங்கம் வலையோடு வந்து இறங்கினான். ஊரே குனிந்து அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தது.

"இன்னாய்யா ஆச்சி உங்களுக்கெல்லாம்?" என்று அவன் கத்தினான்.

வேலம்மா விவரம் சொன்னாள். ஒருமுறை, இரண்டுமுறை, அப்புறம் அடுத்த துறைக்கும் போய். தலை ஆட்டத்துக்கு இனிமேல் கேட்கவா வேண்டும்?