நிற்காத வணக்கம்

மாமனாரின் கடையை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் அசெம்பிளி மொழி படிக்கப் போன மருமகன், அது வெட்டிவேலை இல்லை என்று காட்ட அவரையே கம்ப்யூட்டர் வகுப்புக்கு அழைத்து வந்தான். அவர் நம்பாவிட்டால் மறுபடியும் கடைதான்.

“வணக்கம் மாமா” என்று மூன்று முறை அச்சாக வேண்டும். கம்ப்யூட்டர் எண்ணை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டரில் மூன்றைப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒன்றைக் கழித்து, பூஜ்யமானதும் நிற்கச் சொல்ல வேண்டும். கழிக்கும் கட்டளையை மட்டும் அவன் எழுத மறந்திருந்தான்.

பிரிண்டர் ஓய்வதாக இல்லை. காகிதம் மாமனாரின் முழங்காலைத் தாண்டி, படியிறங்கிப் போய், தெருமுனையில் பஸ்ஸை மறித்தது.

“மரியாதை போதும் மாப்ளே, நிறுத்துங்க!”

“ஒண்ணைக் கழிக்க மறந்துட்டேன் மாமா...”

“ஒண்ணுக்கே இவ்வளவா?”

முகம் செத்துப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். மறுநாள் கடைவாசலில் மாமனாரைக் கண்டதும், வணக்கம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.