கூடுதலாக ஒரு துடைப்பு

எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டபோதுதான் விரல்கள் எரிந்தன. தூக்கிப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல் நுனிகள் வெளுத்துக் கிடந்தன. கரண்டியால் சாப்பிடுகிறவனாக இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. நிம்மதியாக மோர் வரைக்கும் போயிருப்பேன்.

"என்ன பாஸ், கைக்குப் பெயின்ட் அடிச்சிட்டீங்களா?" என்றார் சோறு போட வந்த வாசு.

"கெமிக்கல்ணே."

"அப்ப ரசத்த விட்டுக் கழுவுங்க. எங்க ரசம் எதையும் எடுத்துரும் லா."

நான் சிரிக்கவில்லை. விரல்களை மறுபடி பார்த்தேன்.

அந்தக் கெமிக்கலின் பெயர் ஹைட்ரஜன் பெராக்சைடு. தோலில் பட்டால் வெளுக்கும், குத்தும், சற்று நேரத்தில் சரியாகிவிடும். என் தோலுக்காக நான் பயப்படவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நேர்மேலே, நான்காம் மாடியில், எங்கள் ஆய்வகம் இருக்கிறது. நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அங்கே வளர்த்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம். சொந்த ஊரான கிள்ளானில் அம்மா என்னை 'சயன்டிஸ்ட்' என்று சொல்லி வைத்திருக்கிறார். என் வேலை துடைப்பது. இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. செல்லைப் பார்த்தாலும் கொல்லும்.

அதனால் செல் தட்டுகள் இருக்கும் இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டியைத் துடைக்க ஒரு முறை இருக்கிறது. பெராக்சைடால் ஒரே ஒரு தடவை. பிறகு கிருமி நீக்கிய தண்ணீரால் இரண்டு தடவை. கதவைத் திறந்து ஒரு மணி நேரம் ஆறப்போட வேண்டும். கடைசியில் உள்ளே சோதனைத் தாள் ஒன்றை வைக்க வேண்டும். தாள் வெள்ளையாகவே இருந்தால் மருந்து மிச்சமில்லை. நீலமானால் இருக்கிறது. இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே தட்டுகள் உள்ளே போகும்.

அன்று காலை எல்லாம் முறைப்படியே நடந்தது. தாள் வெள்ளை. என்னோடு வேலை செய்யும் முகமது ரஃபீக் பன்னிரண்டேகாலுக்குக் கையெழுத்துப் போட்டான்.

"நான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்புறேன். நீ தட்ட வச்சிட்டு சாப்பிடப் போ. வேற எதையும் தொடாத. உன்னைய எனக்குத் தெரியும்டா."

அவனுக்கு என்னைத் தெரியும். போன மாதம் நான் துடைத்த அறையில் ஒரு சோதனைத் தட்டில் எள்ளளவு பூஞ்சை முளைத்தது. பதினொரு நாள் ஆய்வகத்தை மூடினார்கள். அந்தப் பூஞ்சையின் படத்தை நான்கு கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டினார்கள். என் கல்லூரிப் பட்டமளிப்புப் படத்தைக்கூட அத்தனை பேர் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்கு எள்ளாகத் தெரிகிறது.

ரஃபீக் போனதும் இன்குபேட்டரின் மேலடுக்கு மூலையில் ஒரு எள் தெரிந்தது. விளக்கின் நிழலாக இருக்கலாம். ஆனாலும் துணியில் பெராக்சைடைத் தொட்டு லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்று தட்டுகளை உள்ளே வைத்தேன். மேலே இரண்டு, கீழே ஒன்று. கதவை மூடினேன்.

லேசாக ஒரு இழுப்பு. இலைக்கு முன்னால் இப்போது யோசித்தால், அதற்குக் கையுறையைத் தாண்டி மூன்று விரல் வெளுக்காது. கையுறை கிழிந்திருக்கிறது, துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, பயத்தில் நான் இரண்டையும் கவனிக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் நாற்பது நிமிடமாக அது ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

தட்டுகளில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அந்த அம்மா ரத்தம் கொடுக்க வந்து, அதே எண் போட்ட சீட்டோடு மாடி மாறி லிப்டில் நின்றிருந்தார். வலது கண்ணில் கட்டு.

"தம்பி இங்க என்ன வேல?"

"கழுவுற வேல ஆன்டி."

"அட, நம்ம ஜாதி! நான் கிள்ளான்ல ஸ்கூல் கிளீனர். பேரு மார்க்கிரட். டாய்லட்டுக்கு ஒரு மூடி ஆசிட் ஊத்துன்னு போத்தல்ல போட்டிருக்கு. நான்தான் நல்லா பளிச்சுனு இருக்கட்டுமேன்னு மூணு மூடி ஊத்துனேன். தெறிச்சிருச்சி."

அவருடைய நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரிசியில் பாதி அளவு சதை எடுத்து, ஆசிட்டில் வெந்த கண்ணில் ஒட்டுவதற்காக அதைத்தான் வளர்த்திருந்தோம். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. இது செத்தால் மறுபடி எடுக்க இருப்பது அதே நல்ல கண். இரண்டாம் தடவை எடுத்தால் அந்தக் கண்ணுக்கும் ஆபத்து.

"பாயாசம் போடவா பாஸ்?"

என் தாள் வெள்ளை. ரஃபீக்கின் கையெழுத்து இருக்கிறது. செல்கள் செத்தால் நோயாளியின் செல்லே பலவீனம் என்று எழுதுவார்கள். அப்படி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பாயாசம் குடித்தால் போதும்.

வாசு ஊற்றிய பாயாசத்தைப் பார்த்தேன். மேலே எள் மாதிரி ஏலக்காய் மிதந்தது.

எழுந்து ஓடினேன். "பாஸ், காசு!" என்று வாசு கத்தியது படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவி டாக்டர் நிலானி தன் மேசையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயம்.

"டாக்டர், தாள் வச்ச பிறகு நான் திரும்பத் துடைச்சேன். பெராக்சைடுல. தட்டு மூணும் உள்ள இருக்கு."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "எப்ப?"

"பன்னெண்டரை."

"கோட் போடுங்க."

சுத்த அறைக்குள் போக உடை மாற்றப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். தலையுறை, முகக்கவசம், முழுஉடை, காலுறை, கையுறை. அவசரப்பட்டால் தூசி கிளம்பும், எனவே எதையும் மெதுவாகத்தான் செய்ய வேண்டும். உள்ளே ஒரு கண் வெந்துகொண்டிருக்க, நான் கல்யாண மாப்பிள்ளைபோல் நிதானமாகக் கை நீட்டிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

டாக்டர் இன்குபேட்டர் கதவைத் திறந்து புதுச் சோதனைத் தாளை உள்ளே நீட்டினார். நீலம். நல்ல பள்ளிச்சீருடை நீலம்.

தட்டுகளை எடுத்து, பழைய திரவத்தை உறிஞ்சிப் புதிதை விட்டு, மாற்று இன்குபேட்டரில் வைத்தார்.

"உயிரோட இருக்குமா டாக்டர்?"

"திங்கக்கிழம பாப்போம். சாகுறதுன்னா அதுக்குள்ள செத்துரும்."

சனியும் ஞாயிறும் நான் கிள்ளானுக்குப் போகவில்லை. அறையில் படுத்திருந்தேன். யாராவது மாடிப்படி ஏறினால் அது மார்க்கிரட் ஆன்டி என்று தோன்றியது. ரஃபீக் மட்டும் போன் செய்தான். "என் கையெழுத்துக்கு மேல துடைச்சிட்டியேடா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கள் காலை டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார். மேலே இருந்த முதல் தட்டு. இல்லை என்று தலையசைத்தார். இரண்டாவது. "உரிஞ்சி மிதக்குது." கீழே இருந்த மூன்றாவது தட்டை வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்து, ரஃபீக்கின் பக்கமும் போய்விட்டேன்.

"இது ஒட்டிப் பிடிச்சிருக்கு" என்றார். "ஒண்ணுதான். ஆனா ஒண்ணு போதும்."

செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனையில் அந்தத் தட்டு தேறியது. பெட்டி மருத்துவமனைக்குப் போயிற்று. கண் தெளியுமா என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும். நடந்த தவறுக்கான விளக்கப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை நான் நிரப்ப வேண்டியிருந்தது. 'பயம்' என்று எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு, அதை அடித்து மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப அந்த இன்குபேட்டரத் துடைங்க" என்றார்.

"நானா?"

"வேற யாரு? ஒரு தடவ."

பெராக்சைடால் ஒரு தடவை, தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தேன். கதவைத் திறந்து வைத்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடத்தில் மேலடுக்கின் மூலையில் எள் தெரிந்தது. துணி பக்கத்திலேயே இருந்தது.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.